தண்டையார்பேட்டை மொட்டை மாடியில் மில்லிமீட்டர் அலை வானியல்: ஒரு பயிற்சி வகுப்பின் மதிப்புரை

தண்டையார்பேட்டையில் டி.எச். ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் தெரு ஒன்றில், கீழே இரும்புக் கடையும் மேலே இரண்டு தளங்களும் உள்ள பழைய கட்டடத்தில், விண்ணிலிருந்து வரும் மில்லிமீட்டர் அலைநீள ரேடியோ அலைகளை ஆராயும் மில்லிமீட்டர் அலை ரேடியோ வானியலில் பழக விரும்பும் இளம் ஆய்வாளர்களுக்கு வார இறுதி நாட்களில் ஒரு பயிற்சி வகுப்பு நடக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது, விளம்பரமும் கிடையாது. ஓய்வுபெற்ற மைக்ரோவேவ் பொறியாளர் ஒருவரும், வெளிநாட்டில் முதுமுனைவர் ஆய்வை முடித்துத் திரும்பிய வானியலாளர் ஒருவரும், ஒரு கல்லூரி விரிவுரையாளரும் சேர்ந்து இதை நடத்துகிறார்கள். கல்லூரிகளின் இயற்பியல் துறைகள் வழியாகத்தான் செய்தி பரவுகிறது. நானும் வடசென்னையில் இயற்பியல் கற்பிக்கிறவன் என்பதால், என்னிடம் ஆய்வு செய்யும் மாணவர்களை அனுப்புவதற்கு முன் வகுப்பு முழுவதும் நானே உட்கார்ந்து பார்த்தேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒற்றை டிஷ் தொலைநோக்கியில் நோக்குவது பற்றிய பகுதிக்காக மட்டுமே கூட இந்த வகுப்பில் சேரலாம், பல டிஷ்களை இணைத்துப் படம் எடுக்கும் இன்டர்ஃபெரோமெட்ரி பகுதியோ அவசரக் கோலம் அள்ளித் தெளித்த கதையாக முடிந்துவிடுகிறது.

இப்படி ஒரு வகுப்பு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. தமிழ்நாட்டு மாணவருக்கு ரேடியோ வானியல் என்றதும் நினைவுக்கு வருவது ஊட்டி முத்தோரையில் மலைச்சரிவின் மீது 530 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கும் தொலைநோக்கிதான். அது இயங்கும் 326.5 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் ஏறத்தாழ 92 சென்டிமீட்டர். புணே அருகே கோடத்தில் 45 மீட்டர் டிஷ்கள் முப்பதைக் கொண்டு இயங்கும் ஜிஎம்ஆர்டியும் மீட்டர் அலைகளுக்காகக் கட்டப்பட்டதே. மில்லிமீட்டர் அலைகளுக்கென்று பெங்களூரு ராமன் ஆராய்ச்சி நிறுவனத்தில் 10.4 மீட்டர் டிஷ் ஒன்று இருந்தது. அதன் காலம் முடிந்த பிறகு, இந்தத் துறையில் நோக்கராக வேண்டும் என்று நினைக்கும் மாணவர் பெரும்பாலும் வெளிநாட்டுத் தொலைநோக்கிகளையே நம்பியிருக்கிறார். ஸ்பெயினின் சியரா நெவாடா மலையில் 2,850 மீட்டர் உயரத்தில் நிற்கும், ஐராம் என்ற ஐரோப்பிய வானியல் நிறுவனத்தின் 30 மீட்டர் தொலைநோக்கியை ஒட்டி நடக்கும் பயிற்சிப் பள்ளியில், மாணவர்கள் குழுக்களாகப் பிரிந்து அந்தத் தொலைநோக்கியிலேயே நோக்கிப் பழகுகிறார்கள். விசா, விமானக் கட்டணம், பரிந்துரைக் கடிதம் ஆகிய மூன்றும் ஒருங்கே கூடிவந்தால்தான் இங்கிருந்து ஒருவர் அங்கே போய்ச் சேர முடியும். அவை கூடிவரும் வரை செய்யக்கூடியது என்ன என்ற கேள்விக்கு விடையாகத்தான் இந்த மொட்டை மாடி வகுப்பு தொடங்கியிருக்கிறது.

கடல்மட்டத்தில், அதுவும் துறைமுகத்துக்கு இவ்வளவு பக்கத்தில், மில்லிமீட்டர் அலை வானியலைக் கற்பிப்பது முதற்பார்வைக்கு வேடிக்கையாகத் தோன்றும். இந்த அலைகளின் முதல் எதிரி காற்றிலுள்ள நீராவி. தலைக்கு மேலுள்ள காற்றின் நீராவி முழுவதையும் மழையாக்கித் தரையில் நிறுத்தினால் எத்தனை மில்லிமீட்டர் உயரம் நிற்கும் என்பதைத்தான் நோக்கர்கள் முதலில் கேட்பார்கள். சிலியின் சாஹ்நந்தோர் பீடபூமியில், 5,000 மீட்டர் உயரத்தில் உள்ள, பல டிஷ்களை இணைத்த ஆல்மா தொலைநோக்கியில், நல்ல இரவுகளில் அது ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே போகும். சென்னையில் பல நாட்களில் 40 மில்லிமீட்டரைத் தாண்டும். அத்தகைய நாட்களில் 230 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் நம் தலைக்கு நேர் மேலே பார்த்தால்கூட வானிலிருந்து வரும் சக்தியில் பத்தில் ஒரு பங்கும் தரைக்கு வந்து சேராது. பயிற்சியாளர்கள் இதை மறைக்காமல் பாடமாக்கிக்கொண்டார்கள் என்பதே இந்த வகுப்பின் தனித்தன்மை. நாம் நோக்கக் கற்றுக்கொள்வதில் பாதிக்கு மேல் வளிமண்டலத்தைக் கணக்கிடக் கற்றுக்கொள்வதுதான் என்பதை, வளிமண்டலம் இவ்வளவு கனமாக இருக்கும் ஊரில் மறக்கவே முடியாது.

மாடியில் நிறுத்தியிருப்பது 60 சென்டிமீட்டர் டிடிஎச் டிஷ். வீட்டுக்கு வீடு இருக்கும் அதே சாதனம். அதன் முனையிலுள்ள எல்என்பி 10.7 முதல் 12.75 கிகாஹெர்ட்ஸ் வரை வரும் அலைகளை ஏற்று, உள்ளேயே கலந்து, 950 முதல் 2,150 மெகாஹெர்ட்ஸாகத் தாழ்த்திக் கம்பியில் அனுப்புகிறது. சக்தியை அளக்க, மடிக்கணினியில் செருகிய, ரேடியோ அலையை எண்களாக்கும் ஒரு எஸ்டிஆர் டாங்கிள். அலைநீளம் ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர் என்பதால் இது மில்லிமீட்டர் அலை இல்லை. ஆனால் ரிசீவர், அதிர்வெண்ணைத் தாழ்த்தும் கலப்பி, தாழ்த்திய பின் வரும் இடைநிலை அதிர்வெண், தெரிந்த வெப்பநிலையோடு ஒப்பிட்டு அளவீட்டைச் சரிசெய்யும் அளவுத்திருத்தம் என்ற சங்கிலி அங்கே இருப்பது போலவே இங்கேயும் இருக்கிறது. இந்த டிஷ்ஷை மில்லிமீட்டர் அலைக்கு ஏன் பயன்படுத்த முடியாது என்ற கேள்வியை முதல் நாளே கரும்பலகையில் எழுதிப் போட்டுவிடுகிறார்கள். டிஷ்ஷின் பரப்பில் சராசரியாக ஒரு மில்லிமீட்டர் மேடுபள்ளம் இருக்கிறதென்று வைத்துக்கொண்டு, அதனால் இழக்கும் சக்தியைக் கணக்கிடும் ரூஸ் சமன்பாட்டில் இட்டால், 12 கிகாஹெர்ட்ஸில் சக்தியில் ஏறத்தாழ 78 விழுக்காடு தேறுகிறது. 115 கிகாஹெர்ட்ஸில் ஒன்றுமே தேறுவதில்லை. ஆல்மாவின் 12 மீட்டர் டிஷ்களின் பரப்புப் பிழை 25 மைக்ரோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று விதித்ததன் காரணம், மாணவர் தாமே போட்ட இந்தக் கணக்கிலிருந்து தெரிந்துவிடுகிறது.

வகுப்பிலேயே ஆக நல்ல நாள் திரவ நைட்ரஜன் வரும் நாள். மாட்டுப் பண்ணைகளில் சினை ஊசி விந்தைச் சேமிக்கப் பயன்படும் அதே வகை அலுமினியக் கேனில் கொண்டுவருகிறார்கள். அலையை முழுவதும் விழுங்கிவிடும் கருப்பு நுரைத் துண்டு ஒன்றைத் தெர்மோகோல் பெட்டியில் வைத்து, அதன் மேல் நைட்ரஜனை ஊற்றுகிறார்கள். எல்என்பியை டிஷ்ஷிலிருந்து கழற்றி, வாயைக் கீழ்நோக்கிப் பிடித்து, முதலில் மாடியின் வெப்பநிலையிலேயே இருக்கும் இன்னொரு நுரைத் துண்டையும், பிறகு நைட்ரஜனில் ஊறிய துண்டையும் மாறி மாறிப் பார்க்க வேண்டும். ஒன்று 303 கெல்வின், மற்றது 77 கெல்வின். இரண்டு அளவீடுகளின் விகிதத்திலிருந்து ரிசீவரின் சொந்த இரைச்சல் வெப்பநிலை, அதாவது அது தானே உண்டாக்கும் இரைச்சலை வெப்பநிலையாகச் சொல்லும் எண், கிடைத்துவிடும். நான் இருந்த குழுவுக்கு விகிதம் 2.44 வந்தது, கணக்கிட்டால் 80 கெல்வின். பக்கத்துக் குழுவுக்கு நூற்றைத் தாண்டியது. இரண்டும் ஒரே எல்என்பி. பொறியாளர் எதுவும் சொல்லாமல் அவர்களது பெட்டியைக் காட்டினார். அவர்கள் நிதானமாகக் குறிப்பெழுதிக்கொண்டிருந்த வேளையில், நுரையின் மேல்முனைகள் நைட்ரஜன் மட்டத்துக்கு வெளியே வந்து வெள்ளையாக உறைபனி பூத்திருந்தன. எல்என்பியின் மூடியில் சென்னைக் காற்றின் ஈரம் துளித்துளியாகப் படிந்திருந்தது. 77 கெல்வின் என்று தாளில் எழுதிய பொருள் உண்மையில் 77 கெல்வினில் இல்லை. அளவுத்திருத்தத்துக்குப் பயன்படுத்தும் பொருளின் வெப்பநிலையை நம்புவதற்கு முன் அதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடநூலும் சொல்லித் தராது.

அதே மாடியில் அடுத்ததாக வானைச் சாய்த்துப் பார்க்கும் சோதனை. உச்சியிலிருந்து அடிவானம் வரை டிஷ்ஷைப் படிப்படியாக இறக்கி, ஒவ்வொரு கோணத்திலும் சக்தியை எழுதிக்கொள்ள வேண்டும். கோணம் தாழத் தாழ நாம் ஊடுருவிப் பார்க்கும் காற்றின் கனம் கூடுவதால் சக்தியும் கூடும். சென்னையிலிருந்து தெற்கே பார்த்தால் ஏறத்தாழ 75 பாகை உயரத்தில் தொலைக்காட்சிச் செயற்கைக்கோள்களின் வரிசை குறுக்கிடுவதால், வடக்கே எண்ணூர்ப் புகைபோக்கிகள் தெரியும் பக்கமாகத்தான் இறக்க வேண்டியிருக்கிறது. இருபது பாகைக்குக் கீழே போனதும் ஒரு மாணவி, “சார், திடீர்னு ஏறுது சார்” என்றார். “மேகம் வந்துச்சாம்மா, பில்டிங்கு வந்துச்சா?” என்று கேட்டார் பொறியாளர். எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி டிஷ்ஷின் மூன்று பாகை அகலக் கற்றைக்குள், அதாவது அது ஒரே நேரத்தில் பார்க்கும் பரப்புக்குள், வந்திருந்தது. கோட்டில் பொருந்தாத புள்ளியை அடித்துவிடுவதற்கு முன் அது ஏன் பொருந்தவில்லை என்று தலையைத் தூக்கிப் பார்க்கிற பழக்கத்தை இந்த வகுப்பு விடாப்பிடியாகப் புகட்டுகிறது.

டிஷ்ஷை அசைக்காமல் நிறுத்திச் சூரியனை அதன் கற்றைக்குள் தானாக நகர்ந்துபோக விடும் சோதனையும் உண்டு. மணிக்கு 15 பாகை நகரும் சூரியன் மூன்று பாகைக் கற்றையைக் கடக்க எடுக்கும் பன்னிரண்டு நிமிடத்தில் கற்றையின் அகலம் கிடைத்துவிடுகிறது. அதைவிடப் பயனுள்ள பாடம் அந்த வரைபடத்தின் இரு ஓரங்களும் ஒரே மட்டத்தில் இல்லாததுதான். வெயிலில் எல்என்பி சூடேறியதும் அது அலையைப் பெருக்கும் அளவு சில நிமிடங்களிலேயே மாறிவிடுகிறது. மூலத்தையும் வெற்று வானையும் விரைந்து மாறி மாறிப் பார்க்க வேண்டிய தேவை அப்போதுதான் மாணவருக்கு உறைக்கிறது. ஐராமின் 30 மீட்டர் தொலைநோக்கியில் டிஷ்ஷுக்கு எதிரே உள்ள சிறிய இரண்டாம் ஆடியையே ஓரிரு விநாடிக்கு ஒருமுறை ஆட்டுகிறார்கள் என்று பிறகு சொல்லும்போது யாரும் அதை ஆடம்பரமாக நினைப்பதில்லை.

கீழ்த்தளத்தில் நடக்கும் விரிவுரைகளில் அளவுத்திருத்தம் பற்றியதே சிறந்தது. வளிமண்டலம் வானிலிருந்து வரும் அலையை விழுங்குவதோடு நில்லாமல் தானும் ஒளிர்கிறது. எல்லா விளக்கும் எரியும் கல்யாணப் பந்தலுக்குள் நின்றுகொண்டு வெளியே இருக்கும் அகல் விளக்கின் சுடரை அளப்பது போன்ற வேலை இது. அறை வெப்பநிலையிலுள்ள நுரைத் தகட்டை ரிசீவருக்கு முன்னால் ஒரு கணம் நிறுத்தி, அந்த அளவோடு வானின் அளவை ஒப்பிட்டால், காற்றும் தகடும் ஏறத்தாழ ஒரே வெப்பநிலையில் இருப்பதால் விழுங்கலும் ஒளிர்தலும் முதல் தோராயத்தில் ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்கின்றன. இந்த எளிய உத்தியின் மேல்தான் மில்லிமீட்டர் நிறமாலைகளின் வெப்பநிலை அளவுகள் பெரும்பாலும் நிற்கின்றன. வானியலாளர் இதைச் சமன்பாடாக எழுதிய கையோடு, அதே தகட்டை மாணவர் கையில் கொடுத்து மாடிக்கு அனுப்பிவிடுகிறார். கற்றைத் திறனை (beam efficiency) கொண்டு திருத்திய வெப்பநிலையையும் திருத்தாத வெப்பநிலையையும் குழப்பிக்கொண்டு வெளியாகும் கட்டுரைகள் இன்னமும் உண்டு என்று அவர் சொன்னபோது குரலில் கொஞ்சம் எரிச்சல் தெரிந்தது, நியாயமான எரிச்சல்தான்.

கோட்பாடு கணக்காக மாறும் இடம் இன்னும் நன்றாக அமைந்திருக்கிறது. ரிசீவரின் இரைச்சல் 80 கெல்வின், காற்று 260 கெல்வின், மூலம் முப்பது பாகை உயரத்தில் என்று வைத்துக்கொள்வோம். நீராவி 2 மில்லிமீட்டர் உள்ள இரவில் 230 கிகாஹெர்ட்ஸில் அந்தச் சாய்வில், காற்று அலையை விழுங்கும் அளவைச் சொல்லும் ஒளியியல் தடிமன் 0.2 அளவில் இருக்கும். ரிசீவர், காற்று இரண்டின் இரைச்சலையும் விழுங்கலையும் சேர்த்துச் சொல்லும் அமைப்பு வெப்பநிலை ஏறத்தாழ 155 கெல்வின். நீராவி 8 மில்லிமீட்டராக ஏறினால் தடிமன் 0.9 ஆகிறது, அமைப்பு வெப்பநிலை 575 கெல்வினைத் தொடுகிறது. இரைச்சல் நேரத்தின் வர்க்கமூலத்தால் மட்டுமே குறையும் என்பதால், முதலாவது இரவில் ஒரு மணி நேரத்தில் முடியும் வேலைக்கு இரண்டாம் இரவில் பதினான்கு மணி நேரம் வேண்டும். இதே வகையில் இன்னொரு கணக்கு: 1970 இல் வில்சன், ஜெஃபர்ட்ஸ், பென்சியாஸ் ஆகியோர் கிட் பீக்கின் 36 அடி தொலைநோக்கியால் ஓரியனில் கண்டறிந்த கார்பன் மோனாக்சைடின் கோடு 115.271 கிகாஹெர்ட்ஸில் இருக்கிறது. அதற்குப் பக்கத்திலேயே 118.75 கிகாஹெர்ட்ஸில், அலையை விழுங்கும் நம் காற்றின் ஆக்சிஜன் குந்தியிருக்கிறது. கனமான கார்பன் அணு உள்ள அதே மூலக்கூறின் கோடு 110.201 கிகாஹெர்ட்ஸில் இருப்பதால் ஆக்சிஜனின் தொல்லையிலிருந்து பெரும்பாலும் தப்பிவிடுகிறது. எந்தக் கோட்டுக்கு எவ்வளவு நேரம் கேட்பது என்று முடிவெடுக்கும்போது மூலக்கூறின் பிரகாசத்தோடு நம் காற்றின் நிலையையும் சேர்த்துப் பார்க்கும் கண் இப்படித்தான் வாய்க்கிறது.

வகுப்பின் உச்சம் என்று நான் கருதுவது இரவு முழுக்க நடக்கும் போலி நோக்கல். மூன்று பேர் கொண்ட குழுவில் ஒருவர் கருவியை இயக்குகிறார், ஒருவர் தரவைப் பார்க்கிறார், ஒருவர் பதிவேடு எழுதுகிறார். தொலைநோக்கி கணினிக்குள் இருக்கிறது. நிறமாலைகள் உண்மை நோக்கல்களின் இயல்பை ஒட்டிச் செயற்கையாக உருவாக்கியவை. பயிற்சியாளர்கள் அவ்வப்போது ஒரு துண்டுச் சீட்டைக் கொண்டுவந்து மேசையில் வைப்பார்கள்: நீராவி ஏறிவிட்டது, காற்று வேகம் கூடிவிட்டது, அடுத்த மூலம் இன்னும் நாற்பது நிமிடத்தில் மறைந்துவிடும். முதன்மைத் திட்டத்தை விட்டுவிட்டு நீளமான அலைக்கு இறங்குவதா, காத்திருப்பதா, மாற்று மூலத்துக்குப் போவதா என்பதைக் குழுவே முடிவெடுத்துக் காரணத்தைப் பதிவேட்டில் எழுத வேண்டும். முடிவு சரியா தவறா என்று அப்போது யாரும் சொல்வதில்லை. காலையில் பதிவேட்டைப் படித்துக்கொண்டே பேசுகிறார்கள்.

ஒரு குழுவின் நிறமாலைக் கோடு விடியற்காலையில் மெல்ல மெல்லத் தேயத் தொடங்கியது. அடித்தளக் கோட்டைச் சரிசெய்வதிலேயே அவர்கள் நேரத்தைச் செலவிட்டார்கள். கடைசியில் வானியலாளர் வந்து, “பாயிண்டிங் கடைசியா எப்பப்பா பார்த்தீங்க?” என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். சூரியன் எழும்போது டிஷ்ஷின் ஒரு பக்கம் சூடேறி வடிவம் மாறும். 30 மீட்டர் டிஷ்ஷுக்கு 230 கிகாஹெர்ட்ஸில் கற்றையின் அகலம் 11 வில்விநாடிக்கும் குறைவு என்பதால், டிஷ்ஷின் குறி சில வில்விநாடி விலகினாலே மூலம் கற்றையின் ஓரத்துக்குப் போய்விடும். குவியமும் அதே நேரத்தில் கெடும். மென்பொருளில் அந்த விலகலைச் சேர்த்து வைத்திருந்தவர்களின் அனுபவம் அங்கே தெரிந்தது.

இன்னொரு சீட்டு அதைவிடக் குறும்பானது. எந்த மூலக்கூற்றுப் பட்டியலிலும் பொருந்தாத ஒரு கோடு நிறமாலையில் வந்து நின்றது. புதிய மூலக்கூறு என்று ஒரு குழு உற்சாகமாகிவிட்டது. கலப்பியின் அதிர்வெண்ணைச் சில மெகாஹெர்ட்ஸ் நகர்த்திப் பார்த்தால், நாம் பார்க்கும் பட்டையைச் சேர்ந்த கோடு இடம் மாறாது. கலப்பியின் அதிர்வெண்ணுக்கு மறுபக்கத்தில் இருக்கும் எதிர்ப் பட்டையிலிருந்து கசிந்து வந்த கோடு இரு மடங்கு நகரும். நகர்த்திப் பார்த்தார்கள், அது நகர்ந்தது. வெறும் ஐந்து நிமிட வேலை அது. ஆனால் அப்படி ஒரு சோதனை இருக்கிறது என்று தெரியாத மாணவர் எழுதும் கட்டுரையை நினைத்துப் பார்த்தால் இந்த ஐந்து நிமிடத்தின் மதிப்பு விளங்கும்.

நேர ஒதுக்கீட்டுக்கு விண்ணப்பம் எழுதும் பகுதி சுமாராக இருந்தது. ஆல்மாவுக்கு எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம் என்பதையே பல மாணவர்கள் அங்குதான் தெரிந்துகொண்டார்கள். 2021 முதல் விண்ணப்பதாரர்களே ஒருவர் விண்ணப்பத்தை மற்றவர் மதிப்பிடும் முறை நடைமுறையில் இருக்கிறது. விண்ணப்பத்தில் எழுதியவர் யார் என்ற அடையாளம் இருக்கக் கூடாது. முனைவர் பட்டம் பெறாதவர் முதன்மை விண்ணப்பதாரராக இருந்து மதிப்பிடும்போது வழிகாட்டி ஒருவரைக் குறிப்பிட வேண்டும். இவையெல்லாம் தெளிவாகச் சொல்லப்பட்டன. ஆனால் மாணவர்கள் எழுதியதை ஒருவருக்கொருவர் மதிப்பிடச் செய்யும் பயிற்சி அட்டவணையில் இருந்தும் நேரமின்மையால் கைவிடப்பட்டது. தன் ஆய்வுத் தலைப்பைத் தொடாத ஒருவருக்கும் புரியும்படி எழுதுவது எவ்வளவு கடினம் என்பதை அந்தப் பயிற்சி ஒன்றுதான் காட்டியிருக்கும். சூரியனைப் பார்க்கும் சோதனையை ஒரு முறை குறைத்துக்கொண்டாவது இதற்கு நேரம் ஒதுக்கியிருக்கலாம்.

இன்டர்ஃபெரோமெட்ரி பகுதிக்கு ஒரே ஒரு பிற்பகல். ஃபூரியே உருமாற்றம், பல டிஷ்களின் இணைப்புக் கோடுகள், அலைக் கட்டத் (phase) திருத்தம், படமாக்கல் எல்லாவற்றையும் அந்தச் சில மணி நேரத்துக்குள் திணித்திருக்கிறார்கள். பயன்படுத்திய மென்பொருள், ரேடியோ தரவைப் படமாக்கும் காசா (CASA); தரவு, டி.டபிள்யூ. ஹைட்ரே என்ற இளம் விண்மீனைச் சூழ்ந்த தூசுத் தட்டைப் பற்றிய ஆல்மாவின் பொதுப் பயிற்சித் தரவு. தேர்வு நன்றாகத்தான் இருந்தது. காசா லினக்ஸிலும் மேக்கிலும்தான் நேரடியாக இயங்கும் என்பதை முன்கூட்டியே சொல்லியிருந்தும், பாதிப் பேர் விண்டோஸ் மடிக்கணினியோடு வந்து நின்றார்கள். நினைவகம் 8 ஜிபி உள்ள கணினிகள் படமாக்கும்போது மூச்சு முட்டின. நடுவே ஒரு மின்தடையும் வந்தது. கடைசியில் பெரும்பாலோர் கட்டளைகளை அப்படியே ஒட்டி, வந்த படத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்பினார்கள். படத்தின் போலி வடிவங்களை நீக்கும் தூய்மையாக்கலை எந்த இடத்தில் நிறுத்துவது, தரவுகளுக்கு எந்த எடையைத் தேர்ந்தெடுத்தால் கற்றை எப்படி மாறும், மிகப் பரந்த அமைப்புகளை இந்த வகைத் தொலைநோக்கி ஏன் தவறவிடுகிறது என்பன போன்ற கேள்விகளுக்கு இடமே இல்லாமல் போனது. மாடியில் ஒவ்வொரு எண்ணையும் சந்தேகிக்கப் பழக்கியவர்கள், இங்கே திரையில் வந்த படத்தை நம்பிவிடச் செய்தது எனக்கு உறுத்தலாக இருந்தது. இதைத் தனி வகுப்பாகப் பிரிப்பதே முறை என்று பின்னூட்டப் படிவத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வேறு சிலரும் அதையே எழுதியதாகப் பிறகு தெரிந்தது.

பாடம் தமிழும் ஆங்கிலமும் கலந்து நடக்கிறது. கேள்வி கேட்கும் மாணவர் எந்த மொழியில் கேட்டாலும் அந்த மொழியிலேயே பதில் வருகிறது. தமிழ்வழியில் படித்து வந்த இரண்டு மாணவிகள் மற்றவர்களைவிட அதிகமாகக் கேள்வி கேட்டதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். அச்சிட்டுத் தரும் குறிப்புகள் கைக்கடக்கமானவை. சமன்பாடுகளைவிட அவற்றைப் பயன்படுத்திய கணக்குகளே மிகுதி. ஜகதீஷ் சந்திர போஸ் 1895 இல் கொல்கத்தாவில் மில்லிமீட்டர் அலைகளை வைத்துச் செய்துகாட்டிய சோதனைகள் பற்றி ஒரு பக்கம் சேர்த்திருக்கிறார்கள். ஐந்து மில்லிமீட்டர் அலையை நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன்பே இந்த நாட்டில் ஒருவர் கையாண்டிருக்கிறார் என்ற செய்தி பல மாணவர்களுக்குப் புதிதாக இருந்தது.

இடவசதி சுமார்தான். கண்டெய்னர் லாரிகளின் ஓசை ஓயாது; விரிவுரை அறையில் மின்விசிறி மட்டும் உண்டு. மாலையில் சூடான அத்தோ (பர்மிய நூடுல்ஸ்) வாங்கிக் கொடுக்கிறார்கள். கட்டணம் ஒரு கல்லூரிப் பருவத் தேர்வுக் கட்டணத்தை ஒட்டியே இருக்கிறது. அதில் நைட்ரஜன் செலவும் அடக்கம் என்பதைப் பார்த்தால் யாரும் இதில் லாபம் பார்க்கவில்லை என்று தெரியும்.

முதுநிலை இரண்டாம் ஆண்டு மாணவர்களும் முனைவர் ஆய்வின் முதல் இரண்டு ஆண்டுகளில் இருப்பவர்களும் தயங்காமல் சேரலாம். மீட்டர் அலைகளில் ஏற்கெனவே பழகியவர்களுக்கும் இது பயன்படும். மேல்வளிமண்டலத்தின் அயனிமண்டலத்தையும் மனிதர் உண்டாக்கும் குறுக்கீட்டையும் நினைத்தே பழகியவர்களுக்கு நீராவியை முதன்மையாக நினைக்கப் பழகுவது தனிப் பயிற்சிதான். 2019 இல் வெளியான எம்87 கருந்துளைப் படத்தைப் பார்த்த ஆர்வத்தில், அதுபோன்ற படத்தை எடுக்கக் கற்றுக்கொள்ளலாம் என்று வருபவர்கள் ஏமாறுவார்கள். அந்த வேலைக்கு 1.3 மில்லிமீட்டர் அலைநீளத்தில் கண்டங்களைக் கடந்து தொலைநோக்கிகளை இணைக்க வேண்டியிருந்தது. அதன் முதற்படியான ஒரு டிஷ்ஷின் அளவுத்திருத்தத்தோடு இந்த வகுப்பு நின்றுவிடுகிறது. தரவுக் குறைப்பை மட்டும் கற்க விரும்புபவர்கள், பன்னிரண்டு மாதத் தனியுரிமைக் காலம் முடிந்து எல்லோருக்கும் திறந்துவிடும் ஆல்மா காப்பகத்தையும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் காசா பயிற்சிக் குறிப்புகளையும் கொண்டு வீட்டிலிருந்தே தொடங்கலாம். அதற்காக தண்டையார்பேட்டைக்கு வர வேண்டியதில்லை.

வடகிழக்குப் பருவமழை மாதங்களில் வகுப்பு நடப்பதில்லை. மழை ஓய்ந்த பிறகு, பெரும்பாலும் தை பிறந்ததும், அடுத்த சுற்றுக்குப் பெயர் கொடுக்கலாம் என்கிறார்கள். இடங்கள் குறைவு என்பதால் துறைத் தலைவரின் கடிதத்தோடு முன்கூட்டியே போவது நல்லது. தண்டையார்பேட்டை மெட்ரோ நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். மடிக்கணினியில் லினக்ஸை முன்பே நிறுவிக்கொண்டு வாருங்கள். நைட்ரஜன் நாளன்று செருப்போடு வந்தால் மாடிப்படியிலேயே நிறுத்திவிடுவார்கள். விரல் முழுவதும் மூடும் ஷூ கட்டாயம்.